மல்லி மேல் தப்பில்லை

"மல்லி மேல தப்பே இல்ல, தாட்சா!" என்று கத்திக்கொண்டு உமாபதி அடுப்படிக்குள் வந்தபோது அவள் தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த கை தேய்த்த இடத்திலேயே நின்றுவிட்டது. கல் புகைந்தது. அப்போது பிடித்த கோபம்தான், இப்போது வெயில் நன்றாக ஏறி, பின்னறை ஜன்னலோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவன் எடுத்துத் தரும் பாம்புக் குட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கி வேறு டப்பாவில் விடுகிற இந்த நேரம் வரைக்கும் இறங்கவில்லை. தப்பே இல்லையாம். யார் சொன்னது தப்பு என்று? மல்லி ஒரு பாம்பு. அமெரிக்காவில் சோளக் களஞ்சியங்களில் எலி பிடித்துத் தின்னுமாம், விஷம் கிடையாதாம், கார்ன் ஸ்னேக் என்று இவனைப் போன்ற பாம்புப் பைத்தியங்கள் வீட்டில் வளர்க்கிற ஜாதி. தலையிலிருந்து வால் வரை வெள்ளை. அந்தப் பாம்பு நடத்தை கெட்டதில்லை என்று நிரூபித்துவிட்ட சந்தோஷத்தில் ஒரு மனுஷன், நாற்பத்தேழு வயசு, பல் செட் செய்கிற லேபுக்கு முதலாளி, தலையில் தேய்த்த எண்ணெய் நெற்றியில் வழிய அடுப்படியில் நின்று குதிக்கிறான். குதிக்கட்டும். கையில் கரண்டி இருந்தது. கரண்டியை அவன் மேல் எறிந்திருக்கலாம். எறியவில்லை. தோசை வார்த்தாள். இவளைப் பெற்றவர்கள் அப்படி வளர்த்துத் தொலைத்திருக்கிறார்கள், கோபம் வந்தால் தோசை வார்க்கிற மாதிரி.

"இத வாங்கு. பயந்த சுபாவம், வால ஆட்டும்" என்று அடுத்ததை நீட்டினான். வாங்கினாள். பென்சில் கனம்கூட இல்லை. உள்ளங்கையின் சூட்டுக்கு நெளிந்து, விரல் இடுக்கில் தலையை விட்டு, கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டது. நல்ல செம்பருத்திச் சிவப்பு. ஆரஞ்சுப் பட்டை, ஓரத்தில் வெள்ளைக் கோடு, கண்ணும் சிவப்பு. எல்லாக் குட்டியும் இதே நிறம்தான், ஒன்றுகூட வெள்ளை இல்லை. அதுதான் பத்து நாளாக இந்த வீட்டில் பஞ்சாயத்து. வெள்ளை மல்லியையும் வெள்ளை ஆணையும் ஜோடி சேர்த்தவன் இவன். இரண்டும் ஸ்னோ என்கிற ரகம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவன். குட்டி அத்தனையும் பனி மாதிரி வரும் என்று குரூப்பில் படம் படமாகப் போட்டவன். முட்டை கீறிக்கொண்டு முதல் தலை எட்டிப் பார்த்தபோது இவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. மூன்றாவது வந்தபோது எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். இந்த முட்டைகளுக்காகச் சித்திரையிலிருந்து இவள் பட்ட பாடு அவனுக்கு எங்கே தெரியும்? தெர்மாகோல் பெட்டிக்குள் ஈர மண் மாதிரி எதையோ பரப்பி, அதில் முட்டைகளை வைத்து, மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்து, திருப்பக் கூடாது, ஆட்டக் கூடாது, சூடு ஏறக் கூடாது என்று ஆயிரம் சட்டம் சொல்லிவிட்டு அவன் லேபுக்குக் கிளம்பிவிடுவான். வீட்டில் இருக்கிற ஒரே ஏசி இந்தப் பின்னறைக்கு வந்தது. மனுஷர்கள் ஹாலில் வெந்தார்கள். மின்சாரம் போன மதியங்களில் பெட்டியைச் சுற்றி ஈரத் துண்டைப் போட்டு, ஐஸ் பாட்டிலை வைத்து, துண்டு காயக் காய நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இவள். ஏன் செய்தாள்? உள்ளே உயிர் இருக்கிறதே என்று செய்தாள். எந்த நிறத்தில் இருக்கிறது என்று கேட்டுவிட்டா செய்தாள்?

கோயம்புத்தூரிலிருந்து அந்த சேவியர் என்கிற சிநேகிதர் ஃபோனில் சிரித்தது இவளுக்கும் கேட்டது. இவன் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். "பாஸ், உங்ககிட்ட ஒரு செவப்பு ஆண் இருக்குல்ல, அது எப்பயாவது டப்பா மாறிப் பூந்திருக்கும். அம்மணி அந்தப் பக்கம் போயிட்டு வந்திருக்கும். இதுக்குப் போய் என்னங்க இத்தனை யோசனை?" என்றார். உமாபதி ஃபோனை கட் பண்ணினான். அந்த மனுஷரோடு இன்றுவரை பேசவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டான்! ஒரு பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை விளையாட்டாகச் சொன்னதற்கு. அன்றைக்கே இவளுக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை, என்னவென்று பிடிபடவில்லை, அஜீரணம் என்று ஓமம் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஓமத்துக்கு அடங்குகிற சமாசாரமா அது.

அதற்குப் பிறகு அவன் செய்ததையெல்லாம் இவள் கதவோரம் நின்று பார்த்தாள். ஒவ்வொரு டப்பாவின் பூட்டையும் இழுத்துப் பார்த்தான். சிவப்பு ஆண் இருந்த டப்பாவில் மூடி நெகிழ்ந்திருக்கிறதா என்று சீட்டை விட்டுப் பார்த்தான். பிறந்தவுடன் எதையும் முடிவு கட்டக்கூடாது, குட்டி முதல் தோல் உரித்த பிறகுதான் நிஜ நிறம் தெரியும் என்று தன்னையே அடக்கிக்கொண்டு காத்திருந்தான். டியூப்லைட் வெளிச்சம் பொய் சொல்லும் என்று பகல் வெளிச்சத்துக்காக ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்தான். கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தான், வெள்ளை அட்டையில் விட்டுப் பார்த்தான். கடைசியாக, இதைத்தான் நினைக்க நினைக்க இவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, லேபிலிருந்து ஷேட் கைடைக் கொண்டுவந்தான். பல் நிறம் பார்க்கிற பட்டை. வரிசையாகப் பொய்ப்பல் குத்தியிருக்கும், ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை வித்தியாசத்தில் பதினாறு வெள்ளை. அதை ஆண் பாம்பின் கழுத்துப் பக்கத்தில் வைத்தான். ஆணின் கழுத்தில் லேசாக மஞ்சள் ஓடியது. மல்லியின் கழுத்தில் வைத்தான். மஞ்சளே இல்லை. வெறும் வெள்ளை. அப்படியே உட்கார்ந்துவிட்டான். அப்புறம்தான் அடுப்படிக்கு அந்த ஓட்டம்.

"ரெண்டும் ஒரே வெள்ளை இல்ல தாட்சா, நான்தான் ஏமாந்துட்டேன். கறுப்பு ரெண்டுக்கும் இல்ல, அது ஒரே காரணம். ஆனா செவப்பு இருக்கே, அத ஆண் ஒரு வழியில தொலைச்சிருக்கு, மல்லி வேற வழியில தொலைச்சிருக்கா. அவன் ஸ்னோ, இவ பிளிசர்ட்னு வேற ரகம். எப்படிச் சொல்றது உனக்கு... ஒரு வீட்ல அரிசி இல்ல. இன்னொரு வீட்ல அடுப்பு இல்ல. ரெண்டு வீட்லயும் சோறு இல்லையா? வெளியிலேர்ந்து பாக்கறவனுக்கு ரெண்டும் ஒரே பட்டினி. ரெண்டையும் சேத்து வை. சோறு வந்துடுதுல்ல? அப்பாகிட்ட இல்லாதத அம்மா குடுத்துட்டா, அம்மாகிட்ட இல்லாதத அப்பா குடுத்துட்டாரு. செவப்பு திரும்பி வந்துடுச்சு. வேற எவனும் வரல. வரவேண்டிய அவசியமே இல்ல!" அவன் கண் கலங்கியிருந்தது. சத்தியமாகக் கலங்கியிருந்தது. தோசை கருகியது. அரிசியும் அடுப்புமாம். எவ்வளவு அழகாகச் சொல்கிறான். வாயில் சர்க்கரை போடலாம். பதினாலு வருஷம் முன்னால் இந்த அரிசி எங்கே இருந்தது, இந்த அடுப்பு எங்கே இருந்தது? அன்றைக்கு ஒருத்தி வயிறு எரிந்ததே, அது அடுப்பில்லையா?

குட்டி கட்டைவிரலை விட்டு மணிக்கட்டுக்கு ஏறியது. அவள் கை நல்ல நிறம். அவனும் நிறம். கல்யாணத்தில் எல்லோரும் மெச்சிய ஜோடி, செக்கச்செவேலென்று சாமி படம் மாதிரி என்று ஒருத்தி திருஷ்டி கழித்தாள். மிருதுளா பிறந்தபோது நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்தாள். மாமியார் துணியை விலக்கிப் பார்த்தாள். மறுபடி மூடினாள். அவ்வளவுதான். அந்த மூடியதை இவள் கட்டிலில் படுத்தபடி பார்த்தாள், தையல் வலியோடு, தாகத்தோடு. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தத் துணி ஓரம் தெரியும், பச்சைக் கரை போட்ட பழைய வேட்டித் துணி. குங்குமப்பூ போட்டுப் பால் குடிச்சியா இல்லையா என்று மறுநாள் கேட்டாள். குடித்தேன் அத்தை. தினமுமா? தினமும். ஏதோ இவள் பாலை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டுக் குழந்தைக்குத் துரோகம் பண்ணிவிட்ட மாதிரி. சரி, அதையாவது மன்னிக்கலாம், பழைய காலத்து மனுஷி, போயும் சேர்ந்துவிட்டாள். தொட்டிலில் போட்ட அன்று நாத்தனார் கற்பகம் சொன்னதை? கூடம் நிறைய ஜனம். பாயாசம் பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். "நீங்க ரெண்டு பேரும் இந்த நெறம். இவ யாரக் கொண்டு வந்திருக்கா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். நாலு பேர் சிரித்தார்கள். ஒரு கிழவர் குனிந்து பாயாசத்தில் முந்திரி தேடினார். என் பொண்ணு அழகாத்தான் இருக்கா அண்ணி என்று இவள் சொன்னாள். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே" என்றாள் கற்பகம். அப்போது உமாபதி என்ன செய்துகொண்டிருந்தான்? ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஃபேன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஏன் திருப்பவேண்டும்? குறைத்தான், கூட்டினான், மறுபடி குறைத்தான். அக்கா முகத்தையும் பார்க்கவில்லை, இவள் முகத்தையும் பார்க்கவில்லை, ஃபேனைப் பார்த்தான்.

"இது கழுத்துல பாரு, ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கு. அழகுல்ல?" என்று காட்டினான். அழகுதான். அழகு என்று வாய் கூசாமல் வருகிறது பார். மிருதுளாவைக் குளிப்பாட்டும்போது இவள் செய்த வேலை என்ன தெரியுமா? சாட்சி சேர்த்தாள். சொந்தக் குழந்தையின் உடம்பில் கால் விரல், காது மடல், பின்கழுத்துச் சுழி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து இது அவர் மாதிரி, இது அவர் மாதிரி என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டாள். வெயிலில் இறங்கினால் உமாபதிக்கு உடனே தும்மல் வரும், அடுத்தடுத்து வரும். குழந்தையை முதல் தடவை மொட்டைமாடிக்கு எடுத்துப்போனபோது அதுவும் கண்ணை இடுக்கிக்கொண்டு தும்மியது. இவளுக்கு எப்படி இருந்தது! கோர்ட்டில் ஜெயித்த மாதிரி இருந்தது. யாரிடம் காட்ட? எதற்காகக் காட்ட? திருடாதவள் எதற்குப் பையைத் திறந்து காட்டவேண்டும்? தன்னையே இப்படிச் சாட்சி சேர்க்கிறவளாக ஆக்கிவிட்டார்களே என்றுதான் இப்போது பல்லைக் கடிக்கிறாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே மருமகள் குடத்தை உடைக்கக்கூட இல்லை, சும்மா இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் அந்தக் கேள்வி. குழந்தைக்குப் பல் முளைக்கிற சமயம். அவன் பேப்பர் விரித்து அதில் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல் கேட்டான்: "உங்க வீட்ல யாராவது கறுப்பா?" அவ்வளவுதான். என் பெரிய மாமா கறுப்பு என்று இவள் சொன்னாள். ம் என்றான். அடுத்த நகத்தை வெட்டினான். அந்தக் கேள்வியை இவள் எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். அம்மாவுக்கும் அக்காவுக்கும் பதில் சொல்ல ஒரு பிடி வேண்டுமென்று கேட்டானா? அப்படியென்றால் நல்லவன். சும்மா பேச்சுக்குக் கேட்டானா? அப்படியென்றால் மரமண்டை. இல்லை, அவனுக்கே உள்ளே ஏதாவது... இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் மனசு கால் வழுக்கி நின்றுவிடும். கேட்டுவிடலாம்தான். என்னைச் சந்தேகப்பட்டீங்களா என்று நேராகக் கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? ஒரு நாள், ஒரே ஒரு நாள் பட்டேன் என்று சொன்னால்? அதற்கப்புறம் அவன் தட்டில் எப்படிச் சோறு போடுவது, அவன் பக்கத்தில் எப்படிப் படுப்பது? அதனால் கேட்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று ஊர்மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிட்டாள். பெரிய மாமா கறுப்பு என்று சொன்னதும் ம் என்றானே, அந்தப் பதிலைக் கொண்டுபோய் அக்காவிடம் சொன்னானா? சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போன வாரம் அது நடந்திருக்காது.

நினைக்காமல் இருக்கலாம் என்று பார்த்தால் அங்கேயேதான் வந்து முட்டுகிறது. போன வாரம் கொளத்தூரில் ஒரு ரிசப்ஷன். கற்பகம் யாரோ ஒரு பட்டுப்புடவையிடம் மிருதுளாவைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிக் காட்டினாள். "நம்ம உமாவோட பொண்ணுதான். நம்பணும்!" என்றாள். பட்டுப்புடவை சிரித்தது. வீட்டுக்கு வந்து பின்னலை அவிழ்க்கும்போது மிருதுளா கேட்டாள், "அம்மா, அத்தை ஏன் நம்பணும்னு சொன்னாங்க?" என்று. இவள் கையில் சீப்பு. "விளையாட்டுக்கு" என்றாள். விளையாட்டுக்காம்! பெற்றவளே அந்தக் கற்பகத்துக்கு வக்காலத்து வாங்கினாள். மிருதுளா மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. அடுத்த நாள் உமாபதி டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சோபா கைப்பிடிமேல் இருந்த அவன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தாள். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். பாம்பின் கழுத்துக்குப் பதினாறு வெள்ளையைப் பிடித்துப் பார்க்கிற கண்ணுக்கு, சொந்த மகள் தன் கையை ஒட்டி வைத்த கை தெரியவில்லை. இவளுக்குத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தவள் கிளிப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அந்த நிமிஷமே முடிவு பண்ணினாள், இதை இனிமேல் விடக்கூடாது, அவன் சொல்லவேண்டும், தனியாக என் காதில் இல்லை, அவன் அக்கா காதில், என் பெண் கேட்கச் சொல்லவேண்டும் என்று. முடிவு பண்ணி ஒரு வாரம் ஆகிவிட்டது. முடிவு பண்ணுவதில் இவளுக்கு நிகர் இல்லை. வாயைத் திறப்பதில்தான் கோளாறு. இன்றைக்கு மதியம் அதே கற்பகம் மகன் நிச்சயதார்த்தத்துக்கு அழைக்க வருகிறாள், சாப்பிடவும் போகிறாள். வத்தக்குழம்பு கொதித்துவிட்டது. உருளைக்கிழங்கு வறுத்தாகிவிட்டது. வறுத்துக் கொட்டு, வேறென்ன தெரியும் உனக்கு.

"ஒன்னு தெரியுமா? இந்தச் செவப்புக் குட்டிங்க ஒவ்வொன்னும் உள்ள ரெண்டு விதமான வெள்ளையச் சுமக்குது. வெளியில தெரியாது. வெளியில தெரியறத வெச்சு யார் பிள்ளைன்னு சொல்லவே முடியாது. அதான் இதுல இருக்கற ரசமே" என்றான். நிஜமாகவே சொன்னான். வெட்கமே இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்க, ஒரு குட்டியை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு சொன்னான். அவன் காதில் அவன் சொன்னது விழவே இல்லை. இவளுக்குக் காது அடைத்தது. கையில் இருந்த குட்டி இறுக்கியது, இல்லை, இவள்தான் அதை இறுக்கியிருக்கிறாள். சட்டென்று விரலைத் தளர்த்தி டப்பாவில் விட்டு மூடியை அழுத்தினாள். அது பாவம், அது என்ன செய்யும். மூடி டக்கென்று உட்கார்ந்த சத்தத்தில் அவன் நிமிர்ந்தான். "என்னாச்சு?" என்றான். "ஒன்னுமில்ல" என்றாள். சொல்லிவிட்டாயா ஒன்னுமில்ல என்று? உன் நாக்கைத்தான் முதலில் அறுக்கவேண்டும் தாட்சாயணி. அவன் ஃபேனைத் திருப்பினான் என்றால் நீ இத்தனை வருஷம் அந்த ஃபேன் காற்றில்தானே உட்கார்ந்திருந்தாய். வாசலில் மணி அடித்தது. "அக்கா வந்துட்டாங்க" என்று எழுந்தான். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, பத்து வயசுப் பையன் மதிப்பெண் காட்டப் போகிற மாதிரி போனான்.

திறந்திருந்த கதவு வழியே ஹால் தெரிந்தது. கற்பகம் உட்காரக்கூட இல்லை. தாம்பாளத்தையும் பத்திரிகையையும் ஹால் மேஜையில் வைத்தாள். சோபாவில் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மிருதுளாவின் கன்னத்தைக் கிள்ளி, "வெயில்ல அலையாதடி, இன்னும் கறுத்துட்ட" என்றாள். மிருதுளா ஒயரை எடுத்துவிட்டுச் சிரித்த மாதிரி ஒன்று செய்தாள். அதற்குள் உமாபதி அக்காவின் கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். பாம்பென்றால் படையும் நடுங்கும், கற்பகம் நிலைப்படியைத் தாண்டவில்லை, மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தாட்சாயணி தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "வாங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

"வெள்ளையும் வெள்ளையும் சேந்து செவப்பு வந்திருக்குக்கா. எப்படின்னு சொல்லு பாப்போம்?" என்றான் உமாபதி.

"அய்யே, இதுல என்னடா அதிசயம்?" கற்பகம் முந்தானைக்குள் சிரித்தாள். "வேற எங்கயாவது போயிட்டு வந்திருக்கும். ராத்திரி பகலா கூடவே உக்காந்தா பாத்த?"

"அக்கா!" உமாபதியின் குரல் அறையில் மோதியது. டப்பாவுக்குள் ஏதோ சரசரத்தது. "வாய்க்கு வந்ததெல்லாம் பேசாத. அவ எங்கயும் போகல. எனக்குத் தெரியும். அவளப் பத்தி யாராவது ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும், ஆமா." கழுத்து நரம்பு புடைத்திருந்தது. காது சிவந்திருந்தது. இவ்வளவு நல்ல குரல் இந்த மனுஷனிடம் இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இவள் இந்தக் குரலைக் கேட்டதில்லை. எங்கே வைத்திருந்தான்? யாருக்காகச் சேர்த்து வைத்திருந்தான்?

தாட்சாயணி எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

"எத?"

"இப்ப அண்ணிகிட்டச் சொன்னீங்கள்ல. அவ எங்கயும் போகலன்னு. அத. மல்லிக்குச் சொன்னது போதும். என் பேரச் சொல்லிச் சொல்லுங்க."

உமாபதிக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்தது முகத்தில் மெதுவாக இறங்கியது, நெற்றியிலிருந்து வாய்க்கு. கற்பகம் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். "என்னடா சொல்றா இவ?" என்றாள். அவளுக்கும் புரிந்திருந்தது. புரியாதவள் குரல் அப்படிக் கீழே இறங்காது.

"தாட்சா, வந்தவங்க முன்னாடி எதுக்கு இப்போ..."

"வந்தவங்க முன்னாடிதான். தொட்டில் போட்ட அன்னிக்கு இவங்க கேட்டாங்க, யாரக் கொண்டு வந்திருக்கான்னு. கூடமே கேட்டுது. நீங்க ஃபேன் திருப்பிட்டு இருந்தீங்க. போன வாரம் நம்பணும்னு சொன்னாங்க, அத என் பொண்ணு கேட்டா. நான் விளையாட்டுக்குன்னு சொன்னேன். இனிமே சொல்ல மாட்டேன்."

அவன் அருகில் வந்தான். குரலைத் தாழ்த்தி, "நான் என்னிக்குமே உன்னச் சந்தேகப்பட்டதில்ல தாட்சா. சத்தியமா. ஒரு நாள்கூட" என்றான். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான், உண்மையாகத்தான் இருந்தது. இவள் எத்தனை வருஷமாகப் பயந்த பயம் அந்த ஒரு நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. போன இடத்தில் நிம்மதி வரவேண்டும். வரவில்லை. அதைவிடப் பெரிய கோபம் வந்து உட்கார்ந்தது. சந்தேகமே படாதவனா! தெரிந்தே இருந்தவனா! சந்தேகப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட ஒரு காரணம் இருக்கும். தெரிந்துகொண்டு, முழுசாகத் தெரிந்துகொண்டு, ஃபேனைத் திருப்பினானே.

"என்கிட்டச் சொல்லாதீங்க. அங்க பாத்துச் சொல்லுங்க."

மிருதுளா அத்தையின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. "விடும்மா" என்றாள். பதினாலு வயசுக் குரல், கெஞ்சுகிற குரல். விடும்மா என்று சொல்ல இந்தக் குழந்தை யாரிடம் கற்றுக்கொண்டது? இவளிடம்தான். வேறு யாரிடம்?

"விட மாட்டேன். நீயும் போகாத, அங்கயே நில்லு. சொல்ற வரைக்கும் இந்த வீட்ல இன்னிக்கு யாருக்கும் இலை போட மாட்டேன்."

உமாபதி அக்காவின் பக்கம் திரும்பினான். காலையிலிருந்து அரிசி அடுப்பு என்று மூச்சு விடாமல் பேசிய வாய் திறந்தது, மூடியது. கை தன்னால் சுவர்ப்பக்கம் போயிற்று, சுவிட்ச்போர்டு இருக்கிற பக்கம். போன கையை அவனே பார்த்தான். இழுத்துக்கொண்டான். "அக்கா" என்றான். "தாட்சா அப்படிப்பட்டவ இல்லக்கா. மிருது என் பொண்ணு. இனிமே அப்படிப் பேசாத."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. கற்பகம் தலையைக் குனிந்துகொண்டு புடவை மடிப்பைச் சரிசெய்தாள். மிருதுளா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு சின்னதா? ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லையே. இதற்கா பதினாலு வருஷம்? இதைச் சொன்னதில் கூரை இடிந்து விழவில்லை, அக்கா உறவு அறுந்து போகவில்லை, ஒன்றுமே ஆகவில்லை. இதைத்தானா இவன் ஒளித்து வைத்திருந்தான், இதற்காகவா இவள் கைக்குழந்தையின் காது மடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்? தாட்சாயணி கை இரண்டையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவன் சொன்னது எல்லோருக்கும் நன்றாகக் கேட்டிருந்தது.

"கேக்கல" என்றாள் தாட்சாயணி. "மறுபடி சொல்லுங்க."